பொதுக் கோப்பு யாருடைய காணியில் இருக்கிறது?

அளவெட்டியில் ஒரு பின்னேரம். தோட்டத்தால் வந்த தகப்பன் கிணற்றடியில் கைகால் கழுவிவிட்டு விறாந்தைக்கு வருகிறார். மகள் மடிக்கணனியோடு இருக்கிறாள். அவளும் நாலைந்து சிநேகிதர்களும் சம்பளம் எதுவும் வாங்காமல் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருக்கிறார்கள். மீளக் குடியேறிய குடும்பங்கள் தங்கள் தோட்டச் செலவையும் விளைச்சலையும் இறைப்பு முறையையும் தொலைபேசியிலேயே எழுதி வைப்பதற்கான மென்பொருள் அது. இப்படி ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன பிள்ளை, நீங்கள் எல்லாரும் எழுதினது எங்கை கிடக்குது?"

"நெற்றிலை கிடக்குதப்பா."

"நெற்றிலை எண்டால்? ஆற்றை காணியிலை?"

மகளிடம் உடனே பதில் வரவில்லை.

தகப்பன் கேட்டது சரியான கேள்வி. 1990 ஜூன் தொடக்கம் வலிகாமம் வடக்கு மக்கள் கட்டம் கட்டமாக ஊரை விட்டுப் போனார்கள். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே எழும்பி நடந்தது. எதைத் தூக்கினோம், எதை விட்டோம், எது இன்னொருவர் வீட்டில் இருந்தபடியால் தப்பியது என்பதை நம்மில் பலர் மறக்கவில்லை. அந்த அனுபவம் கணனி வேலைக்கும் உதவும். பலர் கூடிச் செய்யும் மென்பொருளின் கோப்புகளை எங்கே வைப்பது, அந்த இடத்தை எப்படித் தெரிவு செய்வது என்பதே இந்தப் பாடம். கணனி தெரிந்த பிள்ளைகளும் தெரியாத பெற்றோரும் ஒன்றாக இருந்து இதை வாசிப்பது நல்லது.

1. பொதுக் கோப்பு என்பது என்ன?

மென்பொருள் என்பது கணனிக்கோ தொலைபேசிக்கோ மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்பு. அது பல கோப்புகளில் எழுதப்படுகின்றது. ஐந்து பேர் சேர்ந்து எழுதும்போது ஐந்து பேருக்கும் ஒரே கோப்புகள் கிடைக்க வேண்டும். ஒருவர் செய்த திருத்தம் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்தினால், இரண்டையும் ஒப்பிட்டுச் சரியானதைச் சேர்க்க வேண்டும். பிழை நேர்ந்தால் நேற்று இருந்த நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும்.

நமது பங்குக் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். இன்ன நாளில் இன்னார் இறைப்பது என்று முறை உண்டு. காணி உறுதியை எடுத்துப் பார்த்தால், நிலத்தின் பரப்போடு கிணற்றில் உள்ள பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். கிணறு இருந்தும் அதற்குப் போகும் வழியில் உரிமை இல்லையென்றால் அந்தப் பங்கால் பயனில்லை. பொதுக் கோப்புக்கும் இதே நியாயம்தான். கோப்பு இருந்தால் போதாது. அதை எடுக்கவும் திருத்தவும் வேறிடத்துக்குக் கொண்டு போகவும் வழி உரிமை வேண்டும். இத்தனையும் முறையாகப் பேணும் இடத்தைக் 'களஞ்சியம்' என்கிறார்கள்.

2. நமது நாட்டில் நடந்த ஒரு முயற்சி

2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ 5 இலட்சம் பேர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் போனார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்று ஒழுங்காகச் சொல்ல ஆளில்லாத நேரம் அது. ஒரு முகாமுக்கு இரண்டு லொறி சாமான் வரும். பக்கத்து முகாமுக்கு ஒன்றும் வராது. இடம்பெயர்ந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அப்போது இலங்கையின் கணனித் துறையில் வேலை செய்தவர்கள் பலர் தொண்டர்களாகக் கூடி, சில கிழமைகளுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் 'சகானா'. நிவாரணம் என்று பொருள்படும் சிங்களச் சொல் அது. காணாமற் போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளின் பதிவேடு ஆகியவை அதில் இருந்தன. 2003இல் தொடங்கப்பட்ட லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் இந்த முயற்சியைத் தாங்கி நின்றது.

சகானாவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று அனுமதி எழுதப்பட்டிருந்தது. அதன் கோப்புகளைத் தொண்டர்கள் 'சோர்ஸ்போர்ஜ்' என்னும் பொது இடத்தில் வைத்தார்கள். 1999இல் தொடங்கிய அந்த இடம், இப்படியான கூட்டு வேலைகளுக்குக் காசு வாங்காமல் களஞ்சியம் கொடுத்தது. எழுதியவர்களின் அலுவலகக் கணனிகளில் மாத்திரம் கோப்புகள் கிடந்திருந்தால், அவர்கள் தத்தம் வேலைக்குத் திரும்பியதோடு முயற்சியும் நின்றிருக்கக் கூடும். பொது இடத்தில் இருந்தபடியால் வெளிநாட்டவரும் அதை எடுத்துத் தங்கள் தேவைக்கு மாற்றினார்கள். 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் எயிற்றி பூமியதிர்ச்சியிலும் சகானா பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதும் அதற்குக் கிடைத்தது.

இனி நமக்கு வேண்டிய இடத்துக்கு வருவோம். சகானா ஒரே இடத்தில் இருக்கவில்லை. பின்னர் அது 'ஈடன்' என்ற பெயரில் வேறொரு கணனி மொழியில் புதிதாக எழுதப்பட்டபோது, 'லோஞ்ச்பாட்' என்ற களஞ்சியத்தில் வைக்கப்பட்டது. அதன் பிறகு 'கிட்ஹப்' என்ற களஞ்சியத்துக்குப் போனது. 2009இல் சகானாவுக்கென இலாப நோக்கற்ற தனி அமைப்பும் உருவானது. இடம் மாறியது, வேலை நிற்கவில்லை. ஏன்? கோப்புகளை அள்ளிக்கொண்டு போக அனுமதியும் இருந்தது, வழியும் இருந்தது, அதைச் செய்ய ஆட்களும் இருந்தார்கள். இந்த மூன்றையும் மனதில் வையுங்கள்.

3. இலவசக் காணியில் இருந்து எழுப்பப்பட்டோர்

காசு வாங்காமல் இடம் தருபவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் காணி அவருடையது. அவர் என்ன செய்யலாம் என்பதற்கு நான்கு உதாரணங்கள் தருகின்றோம்.

முதலாவது, அனுமதியைத் திரும்ப எடுக்கலாம். லினக்ஸ் என்னும் பெரிய கூட்டு மென்பொருளை எழுதியோர், ஒரு கம்பனி இலவசமாகக் கொடுத்த 'பிட்கீப்பர்' என்ற கருவியில் தங்கள் கோப்புகளைப் பேணி வந்தார்கள். 2005 ஏப்ரலில் கம்பனி அந்த இலவச அனுமதியை நிறுத்தியது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உடனே இருந்து 'கிட்' என்ற புதிய கருவியை எழுதினார். இன்று உலகில் பெரும்பாலான மென்பொருட் கூட்டங்கள் பாவிப்பது அதைத்தான்.

இரண்டாவது, கடையைப் பூட்டலாம். கூகிள் நிறுவனம் 2006இல் 'கூகிள் கோட்' என்ற களஞ்சியத்தைத் திறந்தது. 2015 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்து, 2016 ஜனவரியில் மூடியது. தவணை கொடுத்தார்கள். கவனித்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது, நமது படலையில் தனது விளம்பரத்தைக் கட்டலாம். படம் திருத்தும் 'ஜிம்ப்' மென்பொருளின் தொண்டர்கள் 2013இல் சோர்ஸ்போர்ஜை விட்டு விலகினார்கள். 2015இல் அந்த இடத்தின் அன்றைய உரிமையாளர்கள், கைவிடப்பட்ட ஜிம்ப் பக்கத்தைத் தம் கையில் எடுத்து, மென்பொருளோடு விளம்பரப் பொருட்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2016இல் உரிமை கைமாறிய பின் புதியவர்கள் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

நான்காவது, ஊரைப் பார்த்துக் கதவடைக்கலாம். 2019 ஜூலையில், அமெரிக்க அரசின் தடைச் சட்டங்களைக் காட்டி, ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களில் இருந்தவர்களின் கிட்ஹப் கணக்குகள் மட்டுப்படுத்தப்பட்டன. அவர்களுடைய தனிப்பட்ட களஞ்சியங்கள் பூட்டப்பட்டன. ஈரானியருக்கு 2021 ஜனவரியில்தான் அது நீங்கியது. அந்த இளைஞர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. இன்ன இடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

4. உறுதிக்கு மூன்று படி

நொத்தாரிசு காணி உறுதி முடிக்கும்போது என்ன நடக்கிறது? மூலப்படி காணிக்காரரிடம் போகின்றது. இன்னொரு படி காணிப் பதிவகத்துக்குப் போகின்றது. மூன்றாவது படி நொத்தாரிசின் கோவையில் இருக்கின்றது. ஒரே எழுத்து, மூன்று இடங்கள், மூன்று பொறுப்பாளர். ஓட்டத்தில் உறுதியைத் தொலைத்தவர் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி கேட்கக் கூடியதாக இருப்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

ஒரேயொரு படி ஒரேயொரு கட்டடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் யாழ்ப்பாணம் அறியும். 1981 ஜூன் முதலாம் திகதி இரவு எரிக்கப்பட்ட பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. வேறிடத்தில் படி இருந்த நூல்களைத் திரும்பத் தேடி வாங்க முடிந்தது. படி இல்லாத கையெழுத்துப் பிரதிகள் போனவை போனவைதான்.

கணனிக் களஞ்சியங்களில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில், கோப்புகளின் முழு வரலாறும் நடுவிலுள்ள ஒரு கணனியில் மாத்திரம் இருக்கும். அது கெட்டால் வரலாறும் போகும். 'கிட்' போன்ற புதிய வகையில், களஞ்சியத்தை முழுமையாக இறக்கிய ஒவ்வொருவர் கணனியிலும் கோப்புகளும் அவற்றின் வரலாறும் வந்துவிடும். விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி ஒவ்வொரு வீட்டு வளையிலும் தூக்கி வைப்பது போன்றது இது. ஒரு வீட்டில் அழுகினாலும் அடுத்த வீட்டில் வாங்கி நடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படி வந்து சேர்வது மென்பொருட் கோப்புகள் மாத்திரமே. பிழை அறிவித்தவர்களின் கடிதங்கள், 'இதை ஏன் இப்படிச் செய்தோம்' என்று தொண்டர்கள் பேசிய பேச்சு, யாருக்கு என்ன அதிகாரம் என்ற பட்டியல் ஆகியவை இடம் கொடுத்தவரின் கணனியிலேயே தங்கிவிடும். அவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. படி எடுத்தோம் என்று நினைப்பது வேறு, படி இருக்கிறது என்று பார்ப்பது வேறு. 2017 ஜனவரி 31 அன்று 'கிட்லாப்' என்ற களஞ்சியத்தில் வேலை செய்த ஒருவர், ஒரு கோளாறைத் திருத்தப்போய், பிழையான கணனியில் இருந்த தரவுகளை அழித்துவிட்டார். படி எடுப்பதற்குப் பல ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. 6 மணித்தியாலத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்த ஒரு படிதான் காப்பாற்றியது. மென்பொருட் கோப்புகள் தப்பின. அந்த 6 மணித்தியாலத்துக்குள் எழுதப்பட்ட பேச்சுகளும் பதிவுகளும் போயின. நடந்ததை அந்த நிறுவனம் மறைக்காமல் வெளியே சொன்னபடியால் நாமும் படிக்க முடிகிறது.

5. நமக்கு முன்னால் உள்ள இடங்கள்

வட்சப் குழு: தொடங்குவதற்கு இலகு. ஆனால் எது கடைசித் திருத்தம் என்று இரண்டு கிழமையில் யாருக்கும் தெரியாமற் போகும். பேச்சுக்குச் சரி, களஞ்சியத்துக்குச் சரிவராது.

நமது வீட்டில் ஒரு கணனி: காணி நம்முடையது. ஆனால் மின்சாரம், இணைப்பு, காவல், பழுது பார்த்தல் எல்லாம் நமது தலையில். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்க வேண்டாம். இரண்டாவது படி வைக்க நல்லது. முதல் இடமாக வைப்பதற்கு, அதைப் பார்க்க ஒருவர் எந்நேரமும் வேண்டும்.

பெரிய கம்பனியின் களஞ்சியம்: கிட்ஹப் இதற்கு உதாரணம். 2008இல் தொடங்கியது. 2018இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதை 750 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. வேகம் உண்டு. வேறு தொண்டர்கள் நம்மை அங்கே இலகுவில் கண்டுபிடிப்பார்கள். பழகிய பிள்ளைகளுக்கு நாளை வேலை தேடவும் அது உதவும். ஆனால் விதிகள் அவர்களுடையவை.

இலாப நோக்கற்ற சங்கத்தின் களஞ்சியம்: ஜேர்மனியின் பேர்லின் நகரில் ஒரு சங்கம் நடத்தும் 'கோட்பேர்க்' 2019 ஜனவரியில் தொடங்கியது. அங்கத்தவர்களின் சந்தாவிலும் நன்கொடையிலும் நடக்கிறது. எல்லோருக்கும் திறந்த மென்பொருளுக்கே அங்கு இடம். விற்கப்படும் பயம் குறைவு. ஆனால் சிறிய சங்கம் என்பதால் பணமும் ஆட்களும் குறைவு.

குறையில்லாத இடம் இவற்றில் ஒன்றுமில்லை. ஆகவே, 'எந்த இடம் நல்லது' என்று கேட்பதோடு நில்லாமல், 'இந்த இடத்தை விட்டு நாளைக்கே எழும்ப வேண்டி வந்தால் நம்மால் முடியுமா' என்றும் கேளுங்கள்.

6. தெரிவு செய்யுமுன் ஆறு கேள்விகள்

அ. எல்லாவற்றையும், வரலாற்றோடும் பேச்சுகளோடும், ஒரே தடவையில் இறக்கி எடுக்க முடியுமா?

ஆ. திறப்பு யாரிடம்? கணக்கு ஒரு பிள்ளையின் சொந்தப் பெயரில் இருந்தால், அந்தப் பிள்ளை வெளிநாடு போனதும் களஞ்சியமும் போகும். கூட்டத்தின் பெயரில் கணக்கைத் திறந்து, ஆகக் குறைந்தது மூன்று பேரிடம் திறப்பைக் கொடுங்கள்.

இ. நமது தொலைபேசி இணைப்பில் அது வேலை செய்யுமா? கொழும்பில் வேகமாகத் திறப்பது தோட்ட வெளியில் திறக்காமல் இருக்கலாம். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஈ. காசு வேண்டுமா? இன்றைக்கு இலவசம் என்றால், நாளைக்குக் காசு கேட்டால் யார் கட்டுவது?

உ. அனுமதிக் கடிதம் எழுதப்பட்டிருக்கிறதா? இந்த மென்பொருளை யார் பாவிக்கலாம், திருத்தலாம், கொண்டு போகலாம் என்பது களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு கோப்பாக இருக்க வேண்டும். சகானாவை வெளிநாட்டவர் எடுக்க முடிந்தது அந்த எழுத்தினால்தான்.

ஊ. பிணக்கு வந்தால் பேச ஆள் உண்டா? நமது கணக்கைப் பிழையாகப் பூட்டினால் எங்கே முறையிடுவது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

7. திறந்து வைப்பது எது? பூட்டி வைப்பது எது?

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். மென்பொருளை ஊருக்குத் திறந்து வைக்கலாம். குடும்பங்களின் விபரங்களை அப்படி வைக்கக் கூடாது. முகாம் பதிவேடு எழுதும் மென்பொருள் வேறு, அந்தப் பதிவேட்டில் உள்ள பெயர்கள் வேறு. இன்ன குடும்பம் இன்ன இடத்தில், இத்தனை பிள்ளைகள், தகப்பன் இல்லை, அடையாள அட்டை இலக்கம் இது என்று எழுதிய பட்டியல் பிழையான கையில் போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

தவறு எப்படி நடக்கும்? மென்பொருளைச் சோதித்துப் பார்க்க ஒரு பிள்ளை உண்மையான பட்டியலைக் கோப்புகளோடு சேர்த்து ஏற்றிவிடும். அடுத்த நாள் கண்டு அழித்தாலும், வரலாற்றில் அது இருக்கும். இறக்கியவர்கள் கணனியிலும் இருக்கும். வரலாற்றைக் காக்கும் அதே குணம் இங்கே எதிராக வேலை செய்யும். ஆகவே சோதிப்பதற்குக் கற்பனைப் பெயர்களையே பாவியுங்கள். உண்மையான பட்டியல் வேறிடத்தில், பூட்டோடு, யார் பார்த்தார் என்ற குறிப்போடு இருக்கட்டும். கடவுச்சொற்களும் களஞ்சியத்துக்குள் வரக் கூடாது.

8. செய்து பார்க்க ஓர் ஏற்பாடு

தகப்பனும் மகளும் இருந்த விறாந்தைக்குத் திரும்புவோம். அந்தச் சிறு கூட்டம் இப்படிச் செய்யலாம்.

முதல் இடமாகப் பொதுக் களஞ்சியம் ஒன்றைக் கூட்டத்தின் பெயரில் திறக்கட்டும். திறப்பு மூன்று பேரிடம். அவர்களில் ஒருவர் ஊரிலேயே நிற்பவராக இருக்கட்டும். இரண்டாவது படி வேறொரு நிறுவனத்தின் அல்லது சங்கத்தின் களஞ்சியத்தில். மூன்றாவது படி பென்டிரைவில், கிழமைக்கு ஒருமுறை, பேச்சுகளும் சேர்த்து. அந்தப் பென்டிரைவ் மடிக்கணனி இருக்கும் வீட்டில் இருக்க வேண்டாம். வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். எது எங்கே இருக்கிறது, யாரிடம் திறப்பு என்பதைக் கொப்பியில் ஒரு பக்கமாக எழுதி வைக்கட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஒத்திகை செய்யட்டும். முதல் இடம் இல்லை என்று நினைத்துக்கொண்டு, மூன்றாவது படியில் இருந்து எல்லாவற்றையும் வெறும் கணனி ஒன்றில் திரும்ப எழுப்பிப் பார்க்கட்டும். ஒரு பின்னேரம் போதும். எழுப்ப முடியாவிட்டால் எது குறைகிறது என்பது அன்றைக்கே தெரியும். உண்மையில் எழும்ப வேண்டிய நாளில் தெரிவதை விட அது நல்லது.

பிறகு தகப்பன் திரும்பவும் கேட்டால் மகளிடம் பதில் இருக்கும்:

"காணி அவையின்ரைதான் அப்பா. ஆனால் மூண்டு படி மூண்டு இடத்திலை கிடக்குது. திறப்பு மூண்டு பேரிட்டை. எழும்பச் சொன்னால் ஒரு பின்னேரத்திலை எழும்பலாம்."

கூடிப் பேசுவதற்கான வினாக்கள்

1. இடம்பெயர்ந்தபோது உங்கள் குடும்பம் காப்பாற்றிய கடதாசிகள் எவை? இழந்தவை எவை? தப்பியவை ஏன் தப்பின?

2. உங்கள் சங்கத்தின் கணக்கு, அங்கத்தவர் பட்டியல், புகைப்படங்கள் இப்போது யாருடைய தொலைபேசியில் அல்லது கணனியில் இருக்கின்றன? அவர் நாளைக்கு இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?

3. அவற்றில் ஊருக்குத் திறந்து வைக்கக் கூடியவை எவை? பூட்டி வைக்க வேண்டியவை எவை? இரண்டு பட்டியல் எழுதுங்கள்.

4. அடுத்த கூட்டத்துக்கு முன் மூன்று படி எடுத்து, அவற்றில் ஒன்றையாவது திறந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.